மல்லிகா அக்கா முகத்தை மூடிய ஐந்து வாரங்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஏலகிரி, கொல்லிமலை, தரங்கம்பாடி என்று பைக்கில் போன கதைகளைத்தான் எழுதுவேன். இந்த முறை போய் வந்தது மொத்தமே முப்பது கிலோமீட்டர் சுற்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. மூன்றும் நான் அடிக்கடி கடந்து போகிற ஊர்கள்தான். பைக்கைக்கூட எடுக்கவில்லை. இருந்தாலும், இத்தனை பயத்தோடு கிளம்பி இத்தனை நிம்மதியோடு திரும்பிய பயணம் எனக்கு வேறு இல்லை. இதே காரணத்துக்காக யாராவது இதே பக்கம் அலைய வேண்டியிருக்கலாம் என்பதால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் இருந்தால் பரவாயில்லை, படம் மட்டும் போடாதே என்றாள்.

அக்கா என்றால் என் உடன்பிறந்த மல்லிகா அக்கா. வயது ஐம்பது. அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஆனி மாதக் கடைசியில் துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆவடியில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இதுவரை சாதாரண விஷயம்தான்.

கட்டுப் போட்ட இரண்டு மூன்று நாளிலேயே அக்கா வாயை மூடத் தொடங்கினாள். முதலில் முந்தானையால், அப்புறம் மாஸ்க், வெளியாள் வந்தால் இரண்டும். அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். அவரே எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், உங்கக்கா எங்கூட உக்காந்து சாப்ட்டு ஒரு மாசம் ஆவுதுப்பா. தட்ட எடுத்துகினு கிச்சனுக்குள்ள போயி கதவ சாத்திக்கிறா. இன்னான்னு கேட்டா எரிஞ்சு உழுவுறா."

அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புகையிலை வைத்து வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. எதிர் வீட்டிலிருந்த அம்மாள் ஒருத்தர், இப்படித்தான் வாயை மூடிக்கொண்டே இரண்டு மாதம் நடமாடி, கடைசியில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மாமா அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் திவ்யாவும் கூப்பிட்டாள். "பாபு மாமா, அம்மா வீடியோ கால்ல கேமராவ ஃபேன் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் பேசுது. என் நிச்சயத்துக்கு மேடை ஏற மாட்டாங்களாம். கை கட்டாம், அசிங்கமாம். கை கட்டுக்கும் அசிங்கத்துக்கும் இன்னா மாமா?" ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவளுக்கு நிச்சயதார்த்தம். ஒன்பது நாள்தான் இருந்தது.

அதனால் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஆடிக் கடைசிச் சனிக்கிழமை கட்டுப் பிரிக்க ஆவடிக்கு அழைத்துப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அப்படியே பூந்தமல்லியில் வாய், பல் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவரிடம் பன்னிரண்டரை மணிக்குப் பதிவு செய்து வைத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

நான் குடியிருப்பது நெமிலிச்சேரி. காலை 7.40 வண்டியைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கும்போது எட்டு தாண்டிவிட்டது. டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து மேனாம்பேடு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். போக வர ஒரே ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், நூற்றைம்பதுக்குள் முடியும். அக்கா கதவருகே தயாராக நின்றாள். மாஸ்க், அதற்கு மேல் முந்தானை. மாமா பட்டறைக்குப் போகாமல் வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். என் கையைப் பிடித்து அழுத்தினார், அவ்வளவுதான்.

ஆட்டோ ஓட்டியவர் அதே தெருக்காரர். கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, ஊரே மாஸ்க்க கயட்டி வருஷம் ஆவுது, நீ இன்னும் போட்டுகினு கீற?" என்று சிரித்தார். அக்கா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி மூன்றாவது ஸ்டேஷன். கால் மணி நேரம்கூட ஆகாது. அக்கா பெண்கள் பெட்டியில்தான் ஏறுவேன் என்று தனியாகப் போய்விட்டாள். நான் அடுத்த பெட்டியில் வாசலோரம் நின்றுகொண்டு, டாக்டர் என்ன சொல்வார், அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது, திவ்யா கல்யாணம் தள்ளிப்போகுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அண்ணனூர் எப்போது போனதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. சனிக்கிழமை கூட்டம். டோக்கன் பதினான்கு. நான் பில் கட்டவும் எக்ஸ்ரே சீட்டு வாங்கவும் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அக்கா பக்கத்தில் ஒரு பஞ்சாபி அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராணுவக் குடியிருப்பிலிருந்து முழங்கால் வலிக்கு வந்தவராம். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அக்காவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார். விரல்கள்தான் இறுகிப்போயிருக்கின்றன, பயிற்சி செய்யச் செய்ய சரியாகும், மூன்று நான்கு வாரத்துக்கு நுணுக்கமான வேலை எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அக்கா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். நுனி சேரவில்லை. மறுபடி முயன்றாள். மூன்றாவது முறை அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "வலியெல்லாம் இல்ல சார். மூணு வாரமா?" என்று மட்டும் கேட்டாள். கட்டுப் பிரிக்க, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்.

வெளியே டீக்கடையில் இரண்டு டீ வாங்கினேன். அக்கா கப்பை இடது கையில் பிடித்தபடியே நின்றாள். ஆடை படிந்தது. குடிக்கவில்லை. கீழே ஊற்றிவிட்டு "போலாம்" என்றாள்.

ஆவடி பஸ் நிலையத்திலிருந்து பூந்தமல்லிக்கு அடிக்கடி வண்டி உண்டு. சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கு மட்டும் எடுத்தேன். பத்தேமுக்காலுக்குக் கிளம்பியது. அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லையே என்று அவள் கேட்டதும், இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, பூந்தமல்லில ஒரு டாக்டராண்ட சொல்லி வெச்சுக்கீறேன். பன்னெண்டரைக்கு."

"அதான் கை பாத்தாச்சே."

"கைக்கு இல்லக்கா. வாய்க்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பஸ் பருத்திப்பட்டு நிறுத்தத்தில் நின்றதும் எழுந்து, கூட்டத்தை இடது தோளால் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் பின்னால் ஓடி இறங்கினேன். ஆவடியிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டோம். பூந்தமல்லி வரை எடுத்த டிக்கெட் வீண்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதையும் பூங்காவும் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும்தான் கூட்டம். பதினொரு மணி வெயிலுக்கு ஆளே இல்லை. ஒரு மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் எதிரில் நின்றேன்.

"யாருடா சொன்னது எனக்கு வாய்ல நோவுன்னு?"

"நீதான் யாருக்கும் காட்ட மாட்டேன்றியே! மாமாவுக்கு ஒரு மாசமா சோறு எறங்கல. எதிர் ஊட்டம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிடுமோன்னு பயந்துகினு கீறாரு. திவ்யா தெனம் அழுவுது. புண்ணு கீதுன்னா சொல்லித் தொலையேன்க்கா. இப்பல்லாம் சீக்கிரம் பாத்தா சரி பண்ணிடலாம்."

அக்கா முந்தானையை இறக்கித் தோளில் போட்டாள். அப்புறம், "யாராச்சும் வராங்களா பாரு" என்றாள். இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. இடது கையால் மாஸ்க்கை ஒரு காதிலிருந்து கழற்றினாள்.

தாடையில் முடி. கறுப்பும் வெளுப்பும் கலந்து இருபது இருபத்தைந்து இருக்கும். சிலது அரை அங்குலம் வளர்ந்து சுருண்டிருந்தது. மேலுதட்டிலும் கறுப்பாக ஒரு கோடு. வலது தாடை ஓரத்தில் பிளேடு கீறிய காயம் பக்குக் கட்டியிருந்தது.

எனக்கு அது பதியவே இல்லை. நான் தேடியது வேறு. "வாயத் தொற" என்றேன். திறந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். கன்னத்துக்குள் பார்த்தேன். வெற்றிலைக் கறையைத் தவிர ஒன்றுமில்லை.

"வேற ஒண்ணும் இல்லியா? இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் ஒரே நொடியில் நகர்ந்தது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"சிரிக்கிறியா? இதுக்குத்தாண்டா ஒருத்தருக்கும் காட்டல!" என்று அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவள் பேசியதை நான் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. திவ்யா பிறந்த பிறகு தாடையில் இரண்டு முடி வந்ததாம். அப்புறம் நான்கு, எட்டு. மாதவிலக்கு நின்ற பிறகு மளமளவென்று ஆகிவிட்டது. தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு, கைக்கண்ணாடியில் பார்த்து, முடி பிடுங்கும் பிளக்கரால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். இருபத்து மூன்று வருஷம். ஒரு நாள் தவறவில்லை. மாமாவுக்குக்கூடத் தெரியாது. கை உடைந்ததும் வலது கை போயிற்று. இடது கையால் பிளக்கர் பிடிக்க வரவில்லை. மாமாவின் ஷேவிங் செட்டை எடுத்து முயன்றதில்தான் அந்தக் காயம்.

"மாமாவாண்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"கல்யாணம் ஆன புதுசுல தெருவுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களுக்கு லேசா மீச. மீசக்காரி, மீசக்காரின்னு ஊட்ல அத்தினி பேரும் சிரிப்பாங்க. உங்க மாமாவும்தான் சிரிச்சாரு. நான் எப்டிடா சொல்லுவேன்?"

"பார்லருக்காச்சும் போயிருக்கலாம்."

"நம்ம தெருல பார்லர் வெச்சிருக்கறது அவரு தங்கச்சி பொண்ணு. இன்னிக்கு போனா நாளைக்கு ஊரே பேசும். நிச்சயத்துக்கு மாப்ள ஊட்டாருங்க கிட்டத்துல வந்து குங்குமம் வெப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. நெனச்சாலே உசிரு போவுது."

கொஞ்சம் ஓய்ந்த பிறகு அவளாகவே, "அந்த பஞ்சாபி அம்மாவ பாத்தியா?" என்றாள். பார்த்தேன், என்ன என்றேன்.

"அவங்களுக்கும் தாடைல முடிடா. என்னவிட ஜாஸ்தி. ஒண்ணயும் மூடல. பிஸ்கட்டு துன்னுகினு, நர்ஸம்மாவாண்ட சிரிச்சுகினு கீறாங்க. நீ பில்லு கட்டப் போனப்ப நான் கேட்டுட்டேன், நீங்க எடுக்க மாட்டீங்களான்னு. அவங்க சாமிக்கு தலமுடி, ஒடம்பு முடி எதுவும் வெட்டக் கூடாதாம். 'ஒடம்போட வந்துச்சு, ஒடம்போட போவும், நமக்கு இன்னா டென்ஷன்'னு சொல்றாங்க. அவங்க ஆம்பளைங்க மாதிரியே பொம்பளைங்களும் வெட்ட மாட்டாங்களாம். நான் மாஸ்க்குக்குள்ள கூசிப் போயிட்டேன்."

"அப்ப நீயும் உட்டுடேன்."

"அவங்க ஊட்ல அத யாரும் சிரிக்க மாட்டாங்க. எங்க ஊட்ல சிரிப்பாங்க. எனக்கு வேணாம்டா, எடுத்துடணும்" என்றாள். அதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று அக்கா எச்சரித்திருந்தாள். "மாமா, வாய்ல ஒண்ணும் இல்ல. நானே பாத்தேன். சுத்தமா கீது" என்றேன். பட்டறையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அப்புறம், "சரி மச்சான். ரெண்டு பேரும் எதுனா சாப்புடுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். பதிவு செய்த டாக்டரை எதற்கும் பார்த்துவிடலாம் என்றேன். புகையிலைப் பழக்கம் இருப்பதால் அக்காவும் மறுக்கவில்லை. டாக்டர் விளக்கு வைத்து வாய் முழுக்கப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் புகையிலையை இன்றோடு விட்டுவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். அக்கா தயங்கித் தயங்கி முடியைப் பற்றியும் கேட்டாள்.

"மெதுவா, வருஷக்கணக்கா வந்ததுன்னா இந்த வயசுல இது நிறைய பேருக்கு இருக்கும்மா. சில மாசத்துல திடீர்னு அடர்த்தியா வந்தாலோ, குரல் கட்டையானாலோ உடனே மகளிர் டாக்டரைப் பாக்கணும். உங்களுக்கு அப்படித் தெரியல. இருந்தாலும் ஒரு தடவை காட்டிடுங்க. பிளேடால கீறிக்காதீங்க" என்றார். ஃபீஸ் நானூறு.

ஃபீஸ் ரசீதைக் கொடுத்த நர்ஸம்மா, நான் கொஞ்சம் தள்ளிப்போனதும் அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அக்கா அவர் தாடையை உற்றுப் பார்த்தாள். வெளியே வந்ததும், "அவங்களுக்கும் கீதாம்டா! மும்தாஜுன்னு ஒருத்தவங்களாண்ட மாசா மாசம் எடுத்துக்கறாங்களாம். நடக்கற தூரந்தான்" என்றாள். ஐந்து வாரத்தில் முதல் முறையாக அவளாக ஓர் இடத்துக்குப் போகலாம் என்றாள்.

மும்தாஜ் அம்மாவின் வீடு பஸ் நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிஷம், மாடி. பலகை எதுவும் கிடையாது. ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. எனக்கு மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நடுவில் ஒரு திரைதான். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது. மும்தாஜ் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குவைத்தில் ஓர் எகிப்துக்காரம்மா வீட்டில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். இந்தத் தொழிலை அங்கேதான் கற்றாராம்.

"இன்னாம்மா, பிளேடு போட்டியா? பாத்தாலே தெரியுது. புண்ணு கீற எடத்துல பாகு வெக்க மாட்டேன். அத சுத்தி நூலு போட்டு எடுக்கறேன். மீதிக்கு ஹலாவா."

"அல்வாவா?"

"நீ துன்ற அல்வா இல்லம்மா. சக்கர, எலுமிச்சம்பழம், தண்ணி. காச்சி உருட்டினா மிட்டாய் மாதிரி இழுபடும். எங்க மேடம் ஊட்ல கல்யாணப் பொண்ணுக்கு மொத நாள் எல்லா பொம்பளைங்களும் ஒண்ணா குந்திகினு இதத்தான் பண்ணுவாங்க. பாட்டு, கூத்து, கை காலு எல்லாம் மழமழன்னு ஆக்கிடுவாங்க. நாம மருதாணி வெக்கற மாதிரி. ஒளிவு மறைவே கெடயாது."

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார் போலும், கொஞ்ச நேரம் பேச்சு நின்று 'சர் சர்' என்று சத்தம் மட்டும் வந்தது. பிறகு மறுபடி கதை. அந்த வீட்டில் கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண், இவர்கள் பாகு காய்ச்சுவதைப் பார்த்து, என் கையில் எடுக்க என்ன இருக்கிறது என்று நீட்டிக் காட்டிச் சிரிப்பாளாம். சமையல் பார்த்த நேபாளக்காரருக்கு ஊரில் அப்பா இறந்த செய்தி வந்ததும், தலை, மீசை, புருவம் எல்லாவற்றையும் மழித்துக்கொண்டு காலையில் டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார். மேடம் யாரோ என்று பயந்து அலறிவிட்டாராம். அவர்கள் வழக்கத்தில் அதுதான் துக்கம்.

"எங்கள்ல கூட, மறைவான எடத்து முடிய நாப்பது நாளுக்கு மேல உடக் கூடாது. ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் அதான். நீங்க கூட பொண்ணு கொயந்தைக்கு மஞ்சள் பூசித் தேக்கறீங்களே, எதுக்குன்ற? ஊருக்கு ஊரு இதே வேலதாம்மா. ஒருத்தர் எடுப்பாங்க, ஒருத்தர் உடுவாங்க. ஆனா எல்லா ஊர்லயும் பொம்பளைக்கு மொளைக்கத்தான் செய்யுது."

அடுத்த நிமிஷம் "ஐயய்யோ!" என்று அக்கா அலறியது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் எழுந்தே விட்டேன். தொடர்ந்து இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம். மறுபடி ஒரு அலறல், மறுபடி சிரிப்பு. எண்ணெயும் எலுமிச்சையும் காய்ச்சிய சர்க்கரையும் கலந்த வாசனை திரையைத் தாண்டி வந்தது. உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து அக்கா வெளியே வந்தாள். முகம் சிவந்து, தாடை பளபளவென்று எண்ணெயோடு. மாஸ்க் இல்லை. அதை உள்ளேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டாளாம். இருநூறு ரூபாய் வாங்கினார். மூன்று வாரம் கழித்து வா என்றார். அதுவரை இடையில் முளைப்பதை வீட்டில் யாரையாவது எடுத்துவிடச் சொல், இதில் என்ன வெட்கம் என்றார்.

மணி இரண்டரை. டிரங்க் ரோடு ஓரமாக ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். ரோட்டைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து, இடது கையாலேயே பிய்த்து, மூன்று பரோட்டா, ஒரு ஆம்லெட். "இன்னொண்ணு சொல்லு" என்றாள். சால்னா தாடையில் வழிந்தது. நான் என் தட்டைத் தொடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட கையோடு திவ்யாவை வீடியோவில் கூப்பிடச் சொன்னாள். ஓசூரில் அந்தப் பெண் அம்மாவின் முழு முகத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா" என்று மட்டும் சொல்லி அழுதாள். "ஏய், அழுவாத. மேடைக்கு எந்தப் பொடவ கட்டறது? அத சொல்லு" என்றாள் அக்கா.

திரும்பும்போது வானகரம் வழியாக எஸ்டேட் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நெரிசலில் ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. மாமா தெருமுனைக்கே வந்து நின்றார். அக்கா வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தி, என்னை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஏரிக்கரையில் நான் செய்த அதே தப்பைச் செய்தார்.

"அவ்ளோதானா? இதுக்கா?"

"அவ்ளோதானாவா? இருவத்திமூணு வருஷம் நாலரைக்கு எந்திரிச்சுகீறேன்யா! நீ ஒரு நாளாச்சும் ஏன் எந்திரிக்கறன்னு கேட்டியா? அந்த மீசக்காரின்னு சிரிச்சல்ல, எனக்கு மொளைச்சப்ப அத நெனச்சுதான் முடிவு பண்ணேன், உங்கிட்ட மட்டும் காட்டக் கூடாதுன்னு."

மாமாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகமே இல்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் செத்துட்டேன் மல்லிகா இந்த ஒரு மாசம்" என்றார். அக்கா இரண்டு தட்டு எடுத்து வந்து கூடத்தில் வைத்தாள். நான் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அன்று தூங்கிய தூக்கம்போல் பல நாளாகத் தூங்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலை ஏழு மணிக்கு நான் போனபோது ஜன்னலோரம் நாற்காலி போட்டு அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளக்கரோடு குனிந்திருந்தார். "ஆடாத. ஒண்ணே ஒண்ணு கீது, வெள்ள, மாட்ட மாட்டுது" என்றார். மாமாவின் தங்கை பெண் அப்போது பூக்கூடையோடு உள்ளே வந்தாள். அக்கா முகத்தைத் திருப்பவில்லை. மதியம் மேடையில் சம்பந்தியம்மா குங்குமம் வைத்தபோது கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

இதே காரணத்துக்காக அலைகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவடி, பூந்தமல்லி இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் சனிக்கிழமை வேண்டாம், வாரநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. இப்படி வீட்டில் வைத்து எடுத்துவிடுகிற பெண்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். விளம்பரம் இருக்காது. நர்ஸ்களிடமும் துணி தைக்கிற பெண்களிடமும் கேட்டால் சொல்வார்கள். சர்க்கரை வியாதி இருப்பவர்களும் தோல் மெலிந்தவர்களும் பாகுக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காயத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது. கையை உடைத்துக்கொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கண் மங்கியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், அவர்கள் இதுவரை தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்துகொண்ட வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். அதைச் செய்ய இப்போது ஆள் இல்லை. ஆம்பளைகளுக்குத் தனியாக ஒன்று: அவர்கள் சொன்னால் 'இவ்வளவுதானா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நமக்குத்தான் அது நிம்மதி.

இதை எழுதி முடித்து அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். போனைத் தள்ளி வைத்துப் பொறுமையாகப் படித்தாள்.

"ரயிலு டிக்கெட்டு, பஸ்ஸு, பரோட்டா எல்லாம் எழுதிக்கீற. எப்டி வலிச்சுதுன்னு எழுதலியே? அதத்தானே எல்லாரும் கேப்பாங்க."

"நீயே சொல்லு, எழுதறேன்."

"மொத இழுப்புல உசிரு போவும். பொய் சொல்லக் கூடாது, நல்லாவே வலிக்கும். மூணாவது நாலாவதுக்கு பயகிடும். முடிச்சுட்டு ரோட்டுக்கு வந்தா மூஞ்சில காத்து படும் பாரு, அத்த எழுது."